ஒரே சாலை, நான்கு காடுகள்

ஆடிக் காற்றில் அம்மி பறக்கிறதோ இல்லையோ, உடுமலைப்பேட்டையில் தென்னை மட்டை பறக்கும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழையும் தென்மேற்குக் காற்று ஆனி, ஆடி, ஆவணி மூன்று மாதமும் இந்த வட்டாரத்தில் ஓய்வதில்லை. காற்றாலைகள் வரிசையாக நின்று சுழல்கின்றன. கொடியில் காயப்போட்ட வேட்டி கிளிப்போடு மல்லுக்கட்டுகிறது. இத்தனை காற்றும் அரபிக்கடலின் ஈரத்தைச் சுமந்துதான் வருகிறது. ஆனால் கணவாயில் அதை மறித்து மேலே ஏற்ற மலை இல்லை. மேலே ஏறாத காற்று குளிராது. குளிராத காற்று மழை தராது. அதனால் தலைக்கு மேலே மேகம் ஓடுகிறது, தரையில் புழுதி ஓடுகிறது.

தெற்கே திரும்பினால் ஆனைமலைத் தொடர். அதன் முகட்டில் மேகம் கவிழ்ந்து கிடக்கிறது. அங்கே மழை. உடுமலையிலிருந்து மூணாறு செல்லும் சாலை அந்த மேகத்துக்குள் ஏறி, மலையின் மறுபுறம் நேரியமங்கலத்தில் இறங்குகிறது. மொத்தம் ஏறக்குறைய 150 கிலோமீட்டர். இதற்குள் முட்காடு, இலையுதிர் காடு, புல்வெளியும் சோலையும் கலந்த மலைமுகடு, பசுமைமாறாக் காடு என்று நான்கு வகைக் காடுகளைப் பார்த்துவிடலாம். ஆப்பிரிக்கச் சவானா, அமேசான் மழைக்காடு என்று பள்ளிப் புத்தகத்தில் உலக வரைபடம் போட்டுச் சொல்லிக்கொடுக்கும் பாடத்தை, காலையில் புறப்பட்டால் பொழுது சாய்வதற்குள் படித்து முடிக்கக்கூடிய சாலை இது. இதைப் பார்க்க ஆடி மாதமே சரி. அப்போதுதான் மலையின் ஒரு பக்கம் காய்ந்தும் மறுபக்கம் நனைந்தும் இருக்கும்.

அமராவதி அணையில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. சுற்றுவட்டாரத்தில் மழை பெய்த தடமே இல்லை. அணைக்கு வருவது கேரள மலைகளில் பெய்யும் மழை. பாம்பாறும் சின்னாறும் தேனாறும் கொண்டுவந்து சேர்க்கின்றன. கேரளத்து ஆறுகள் எல்லாம் மேற்கே ஓட, கபினி, பவானி, பாம்பாறு மூன்றும் மட்டும் கிழக்கே ஓடுகின்றன. அணைக்கட்டுக்குப் பக்கத்தில் உள்ள முதலைப் பண்ணையில் முதலைகள் வாயைப் பிளந்தபடி அசையாமல் கிடந்தன. அது கோபம் அல்ல. உடம்புச் சூட்டைத் தணித்துக்கொள்ளும் வழி. அணையிலும் ஆற்றிலும் காட்டு முதலைகள் இருக்கின்றன. தண்ணீர் வற்றி மணற்கரை அகலும் மாசி, பங்குனியில் அவை குழி தோண்டி முட்டையிடுகின்றன. இரண்டு மாதத்துக்குச் சற்று அதிகமாக வெயில் அடைகாக்கிறது. அணை நிறைவதற்குள் குஞ்சுகள் வெளியே வந்துவிட வேண்டும். தண்ணீர் சீக்கிரம் ஏறினால் முட்டை மூழ்கிப்போகும். எவ்வளவு தண்ணீர் வருகிறது என்பதைவிட எப்போது வருகிறது என்பதுதான் முதலைக்கு முக்கியம். இந்தக் கணக்கு வழி நெடுகத் திரும்பத் திரும்ப வந்தது.

ஒன்பதாறு சோதனைச்சாவடியைக் கடந்தால் ஆனைமலைப் புலிகள் காப்பகத்துக் காடு. சாலையில் யானைச் சாணம் காய்ந்து கிடந்தது. அதில் பாதி மென்ற மூங்கில் நாரும் புளியங்கொட்டையும். யானைக்குக் கால் நீளம். ஓரிடத்தில் காய்ந்தால் இன்னோரிடத்துக்கு நடந்துவிடும். கோடையில் அமராவதி நீர்ப்பரப்பு, மழைக்குப் பின் புல் தழைத்த சரிவு என்று அதன் ஆண்டு நகர்கிறது. நடக்க முடியாத உயிர்கள் என்ன செய்யும் என்பதற்குப் பதில் அடுத்த சில கிலோமீட்டரில் கிடைத்தது.

சின்னாற்றுப் பாலம்தான் மாநில எல்லை. பலகையில் எழுத்து மாறுகிறது, காடு மாறவில்லை. 1984-இல் அறிவிக்கப்பட்ட சின்னாறு வனவிலங்குச் சரணாலயம் கேரளம் என்று சொன்னால் மனதில் வரும் எந்தப் படத்துக்கும் பொருந்தாது. ஆண்டு மழை சுமார் 500 மில்லிமீட்டர். அதுவும் பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்று கொடுப்பது. வான்வழியாகப் பார்த்தால் முப்பது கிலோமீட்டருக்குள் இருக்கும் மூணாறு மலைகளில் 3,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. மேற்குச் சரிவில் ஏறும்போது காற்று தன் ஈரத்தை எல்லாம் கொட்டிவிடுகிறது. முகட்டைத் தாண்டிக் கிழக்கே இறங்கும்போது அது அழுந்திச் சூடாகிறது. மழை தர வேண்டிய காற்று இங்கே இருக்கும் ஈரத்தையும் உறிஞ்சிக்கொண்டு போகிறது. மழைமறைவுப் பகுதி என்று நாம் சொல்வது வெறும் மழை இல்லாத இடம் அல்ல, காய்ச்சும் காற்று வீசும் இடம்.

மலைக்குடியிருப்பு ஒன்றைச் சேர்ந்த வழிகாட்டி அண்ணன் ஒருவரோடு ஆற்றை நோக்கி நடந்தோம். செம்மண்ணும் பாறையும். குடைவேல மரங்கள் உச்சியைத் தட்டையாக விரித்து நின்றன. இலை ஒவ்வொன்றும் அரிசியைவிடச் சின்னதாக நறுக்கப்பட்டிருந்தது. சின்ன இலை சூட்டைச் சீக்கிரம் காற்றில் விட்டுவிடும். ஒரு மரத்தில் இலை அநேகமாக இல்லை. பட்டை மெல்லிய தாள்களாக உரிந்து காற்றில் படபடத்தது.

"செத்த மரம்னு நெனச்சிடாதீங்க சார். சுரண்டிப் பாருங்க" என்றார் அண்ணன்.

நகத்தால் லேசாகக் கீறினேன். தாளுக்கு அடியில் பச்சைப் பசேல் என்றிருந்தது. கிளுவை. இலையை உதிர்த்துவிட்டுத் தண்ணீர்ச் செலவை நிறுத்திவிட்டது. சமையலைத் தண்டு பார்த்துக்கொள்கிறது. பட்டை உரிவதால் அடியில் உள்ள பச்சைக்கு வெளிச்சம் கிடைக்கிறது. மழை வந்ததும் சில நாளில் இலை தள்ளிவிடும் என்றார். "கார்த்திகையில வந்தீங்கன்னா இதே எடமான்னு கேப்பீங்க."

கொஞ்சம் தள்ளிச் சதுரக்கள்ளியும் சப்பாத்திக்கள்ளியும் ஒரே பாறை இடுக்கில் நின்றன. பார்வைக்கு அண்ணன் தம்பி. இலை கிடையாது, சதைப்பிடிப்பான பச்சைத் தண்டு, முள். ஆனால் சதுரக்கள்ளியைக் கீறினால் பால் வடிகிறது, சப்பாத்தியில் வடிவதில்லை. சதுரக்கள்ளி ஆமணக்குக் குடும்பத்துச் செடி, இந்த மண்ணிலேயே பிறந்தது. சப்பாத்திக்கள்ளியின் தாயகம் அமெரிக்கா. சாயப்பூச்சி வளர்த்துச் சிவப்புச் சாயம் எடுக்கலாம் என்ற ஆசையில் பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலேயர் இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். சாயத் தொழில் போனது, கள்ளி நின்றுவிட்டது. கடல் கடந்த இரண்டு கண்டங்களில், உறவே இல்லாத இரண்டு குடும்பங்கள், ஒரே வறட்சிக்கு ஒரே விடை கண்டுபிடித்திருக்கின்றன. இரண்டுமே பகலில் இலைத்துளையை மூடி வைத்து, இரவில் திறந்து கரியமில வாயுவை வாங்கிச் சேமித்து, விடிந்ததும் வெயிலில் சமைக்கின்றன. ஒரு நிலத்தின் வானிலை அங்கே வாழ்வதற்கு ஓர் உருவத்தை விதிக்கிறது. யார் வந்தாலும் அந்த உருவத்துக்குத்தான் வந்து சேர வேண்டியிருக்கிறது. ஆப்பிரிக்காவிலும் மெக்சிகோவிலும் சின்னாற்றிலும் முட்காடு ஒரே சாயலில் இருப்பதற்கு இதுதான் காரணம்.

இங்கே வாழும் நட்சத்திர ஆமையும் இதே பாடத்தைத்தான் படித்திருக்கிறது. வறண்ட மாதங்களில் புதரடியில் ஒடுங்கிக் கிடக்கும். மழை விழுந்து புல் முளைத்தால் வெளியே வரும். ஆடியில் அதைத் தேடிப் பயனில்லை. நாங்கள் கண்டதெல்லாம் மயிலும், பாறைச் சரிவில் குரல் மட்டும் கொடுத்த சின்னானும், தொலைவில் மேய்ந்த புள்ளிமான்களும்தான்.

ஆற்றங்கரையை அடைந்ததும் காட்சி மாறியது. கரையோரம் இரண்டு பக்கமும் வானுயர்ந்த நீர்மருது மரங்கள். வழவழப்பான வெளிர்ப்பட்டை, பெரிய இலை, அடர்ந்த நிழல். நூறடி தள்ளி முட்புதர், இங்கே குளிர்ச்சி. கிளைகள் ஒன்றோடொன்று பின்னிக் கரை நெடுகக் கூரை போட்டிருந்தன. அந்தக் கூரையில்தான் சாம்பல் நிற மலையணில் வாழ்கிறது. வாலோடு சேர்த்தால் முழங்கையைவிட நீளமான அணில். ஒன்று கிளை நுனியில் குப்புறத் தொங்கியபடி காயைப் பிடித்துக் கடித்தது; தோல் துணுக்குகள் எங்கள் மேல் உதிர்ந்தன. பிறகு பாய்ந்து அடுத்த மரத்துக்குப் போனது. தரையில் இறங்குவது அதற்கு அரிது. கூரை அறுந்தால் அணிலின் வழியும் அறுந்தது என்று பொருள். தமிழ்நாட்டில் திருவில்லிபுத்தூர்ச் சரணாலயம் இந்த அணிலுக்காகவே அமைந்தது. இலங்கையிலும் இது உண்டு.

ஆற்றில் தண்ணீர் கலங்கலாக ஓடியது. இங்கே மழை பெய்து வெகு நாளாகிறது. இந்தத் தண்ணீர் மேலே பெய்யும் தென்மேற்கு மழை தந்தது. சற்றுத் தொலைவில் தூவானம் அருவி பாறை முகட்டிலிருந்து வெள்ளையாக விழுவது தெரிந்தது. அந்த நீர்மருதுகள் சின்னாற்று மழையைக் குடித்து வளர்ந்தவை அல்ல. மேலே ஆனைமுடிச் சிகரத்துப் பக்கம் பெய்யும் மழையைக் குடித்து வளர்ந்தவை. ஒரு காட்டைத் தீர்மானிக்கும் மழை அதே காட்டில்தான் பெய்ய வேண்டும் என்றில்லை.

தாவரங்களை உயரத்தோடும் வெப்பத்தோடும் சேர்த்து முதலில் படமாகப் போட்டவர் என்று அலெக்சாண்டர் வான் ஹம்போல்ட்டைச் சொல்வார்கள். 1802-இல் ஆண்டீஸ் மலைத்தொடரின் சிம்பராசோவில் ஏறியவர், எந்த உயரத்தில் எந்தச் செடி என்று மலையை வெட்டிக் காட்டிய படம் வரைந்தார். இருபதாம் நூற்றாண்டில் ராபர்ட் விட்டேக்கர் என்ற அமெரிக்கத் தாவரவியலாளர் சராசரி வெப்பத்தை ஓர் அச்சிலும் ஆண்டு மழையை இன்னோர் அச்சிலும் வைத்து, பாலைவனம் முதல் மழைக்காடு வரை உலகின் எல்லா நிலத்தாவரத் தொகுதிகளையும் ஒரே வரைபடத்தில் அடக்கிக் காட்டினார். பாடப்புத்தகங்களில் இன்றும் அந்தப் படம் இருக்கிறது. அழகான படம். ஆனால் அதில் மாதம் இல்லை.

தொல்காப்பியத்தில் மாதம் இருக்கிறது. திணைக்கு முதற்பொருள் நிலம் மட்டும் அல்ல, நிலமும் பொழுதும். மரம், விலங்கு, பறவை எல்லாம் அதற்குப் பின் வரும் கருப்பொருள். முல்லைக்குக் கார்காலம், குறிஞ்சிக்குக் கூதிரும் முன்பனியும், பாலைக்கு வேனில் என்று பொழுதைப் பிரித்தவர்கள், பாலைக்குத் தனி நிலம் ஒதுக்கவில்லை. கோடை வெயிலில் முல்லையும் குறிஞ்சியும் திரிந்தால் அதுவே பாலை என்று சிலப்பதிகாரத்தில் இளங்கோ சொல்கிறார். சின்னாற்றில் நின்று யோசித்தால் இது கவிதைக்காகச் செய்த ஏற்பாடாகத் தோன்றவில்லை, கண்ணால் கண்டதை எழுதியதாகத் தோன்றுகிறது. சித்திரையில் பாலை, கார்த்திகையில் முல்லை. இடம் ஒன்றுதான்.

சின்னாற்றிலிருந்து ஏறினால் மறையூர். ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரம். மழை கொஞ்சம் கூடுகிறது, வெயில் கொஞ்சம் தணிகிறது. முட்காடு விலகி இலையுதிர் காடு தொடங்குகிறது. வெக்காலியும் வேங்கையும் இடைவிட்டு நிற்கின்றன. நடுவே கம்பிவேலிக்குள் சந்தனம். சந்தனமரம் பார்க்க ஏமாற்றம் தரும். ஒல்லி, கோணல், மணமும் கிடையாது. மணம் எல்லாம் உள்ளே வைரத்தில். அது தன் வேரை மண்ணுக்கடியில் பக்கத்து மரத்தின் வேரோடு ஒட்டி, தண்ணீரையும் உப்பையும் உறிஞ்சிக்கொள்ளும் பாதி ஒட்டுண்ணி. தனியாக நட்டால் தேறாது. ஈரமும் உரமும் மிகுந்த மண்ணில் மளமளவென்று வளரும் சந்தனத்தில் வைரம் குறைவு, வாடி வளர்ந்ததில்தான் எண்ணெய் அதிகம் என்பது இங்குள்ளவர்கள் சொல்வது. இந்தியாவின் சந்தனம் பெரும்பாலும் இப்படி அதிகம் நனையாத, முற்றும் காயாத நடுத்தரக் காடுகளில்தான் விளைந்திருக்கிறது. பள்ளத்தாக்கில் மலையிலிருந்து வாய்க்கால் வழி இறங்கும் தண்ணீரில் கரும்பு. கொட்டகையில் பாகு காய்ச்சி, சூடு ஆறுவதற்குள் கையால் உருட்டிப் போடுகிறார்கள். கருத்த நிறம், லேசான உப்புச் சுவை. மறையூர் வெல்லத்துக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

மறையூருக்கு மேலே தேயிலை. வாகுவரை தாண்டும்போது சன்னலில் முதல் சாரல் விழுந்தது. உயரம் கூடக் கூட, 1,000 மீட்டருக்கு ஆறு டிகிரிக்குச் சற்று அதிகமாக வெப்பம் குறையும் என்பது கணக்கு. உடுமலையில் புழுங்கிய உடம்பு ராஜமலையில் நடுங்கியது. மூடுபனியில் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. காற்று ஒரு கணம் திரையை விலக்கியது. சாலையோரப் பாறையில் வரையாடுகள் நின்றுகொண்டிருந்தன. ஐந்தாறு பெண் ஆடு, குட்டிகள், சற்று உயரே முதுகில் வெளிர்நிறம் படர்ந்த கிழக்கடா. மழை முதுகில் விழுந்து முத்தாக உருண்டது. குட்டி ஒன்று கிட்டத்தட்டச் செங்குத்தான பாறையில் இரண்டு எட்டில் ஏறி, அங்கிருந்து எங்களைப் பார்த்துப் புல்லை மென்றது.

தமிழ்நாட்டின் மாநில விலங்கு இது. உலகில் வேறெங்கும் கிடையாது. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பாதியில் மட்டும். 2025-இல் இரு மாநிலங்களும் சேர்ந்து எடுத்த கணக்கெடுப்பில் மொத்தம் 2,600-க்கு மேல். அதில் ராஜமலையை உள்ளடக்கிய எரவிகுளம் தேசியப் பூங்காவில் மட்டும் 800-க்கு மேல். இமயத்து மலையாட்டின் உறவு என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். மரபணு ஆய்வு அது செம்மறிக்கு நெருக்கம் என்று காட்டியது. தை, மாசியில் குட்டி போடுகிறது. மழை ஓய்ந்து, வெயில் அடித்து, அடுத்த மழைக்குமுன் குட்டி கால் ஊன்றப் போதிய அவகாசம் கிடைக்கும் மாதங்கள். கொட்டும் ஆடியில் பிறந்திருந்தால் குளிரிலேயே போயிருக்கும்.

எரவிகுளத்தில் கண்ணை உறுத்தும் கேள்வி வேறு. இவ்வளவு மழை பெய்யும் இடத்தில் ஏன் காடு இல்லை? மலை முழுக்கப் புல். மடிப்புகளில் மட்டும், கத்தரித்து வைத்தாற்போன்ற விளிம்போடு சோலை. விட்டேக்கரின் படத்தில் இவ்வளவு மழைக்கு அடர்காடு இருக்க வேண்டும். விடை மார்கழி, தை இரவுகளில் இருக்கிறது. வானம் தெளிந்த அந்த இரவுகளில் திறந்த புல்வெளியில் வெப்பம் உறைநிலையைத் தொடுகிறது. புல்லில் விழுந்து முளைத்த மரக்கன்று உறைபனியில் கருகுகிறது. புல்லின் குருத்து மண்ணை ஒட்டி இருப்பதால் மேலே கருகினாலும் அடியில் பிழைத்துக்கொள்ளும். சோலைக்குள் கூரை சூட்டைப் பிடித்து வைத்திருப்பதால் அங்கே கன்று தப்புகிறது. இதோடு மேட்டுக் காற்று, மெல்லிய மண், அவ்வப்போது படரும் தீ எல்லாம் சேர்ந்து புல்லின் பக்கம் நிற்கின்றன. ஆண்டில் சில இரவுகள்தான். அந்தச் சில இரவுகள் 3,000 மில்லிமீட்டர் மழையை வென்றுவிடுகின்றன. விதிவிலக்காகப் புல்வெளியில் தனித்து நிற்பது காட்டுப்பூவரசு. தடித்த பட்டை தீயைத் தாங்கும், தோல்போன்ற இலை பனியைத் தாங்கும். இமயத்தில் செம்பூ பூக்கும் ரோடோடென்ட்ரான் இனம்தான் இது. நடுவே ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கு மேல் வெக்கைச் சமவெளி. உலகம் குளிர்ந்திருந்த முன்னொரு காலத்தில் இரண்டு மலைகளுக்கும் இடையே இதன் இனம் பரவியிருந்திருக்க வேண்டும்.

காட்டை வெட்டியதால்தான் புல்வெளி வந்தது என்று நம்பியவர்கள் உண்டு. நீலகிரியின் சேற்றுப் படுகைகளில் மட்கிச் சேர்ந்த கரிமண் அதை மறுத்தது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ராமன் சுகுமாரும் அவருடைய நண்பர்களும் அந்த மண்ணின் கரிமத்தை ஆராய்ந்து 1993-இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். வறண்ட காலத்துப் புல்லும் ஈரக் காலத்துச் செடியும் கரிமத்தில் வெவ்வேறு முத்திரை விட்டுச் செல்கின்றன. அதைப் படித்தபோது, சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே புல் இருந்ததும், உலகத்தின் குளிரும் மழையும் மாறியபோதெல்லாம் தாவரங்களும் மாறி மாறி வந்ததும் தெரிந்தது. கோடரி வருவதற்கு முன்பே புல்வெளி வந்துவிட்டது.

இந்த முகடுகளைச் சூழ்ந்திருக்கும் வெக்கைச் சமவெளி, குளிருக்குப் பழகிய உயிர்களுக்குக் கடல். முகடு தீவு. ஆனைமுடியைச் சூழ்ந்த மேட்டுநிலத்தில் மட்டும் வாழும் செம்மஞ்சள் நிறத் தவளை ஒன்று 2010-இல்தான் அறிவியலுக்கு அறிமுகமானது. அதன் வாழ்வில் தலைப்பிரட்டைப் பருவமே இல்லை; முட்டையிலிருந்து நேராகக் குட்டித் தவளை வரும். ஓடை தேவையில்லை, இடையறாத ஈரம் இருந்தால் போதும். அந்த ஈரம் குறைந்தால், வெப்பம் ஏறினால், மற்ற உயிர்கள் இன்னும் மேலே போகும். இது எங்கே போகும்? ஆனைமுடி 2,695 மீட்டர். தென்னிந்தியாவில் அதற்கு மேல் இடம் இல்லை.

பன்னிரண்டாண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சியும் இந்தச் சரிவுகளில்தான். 2006-இலும் 2018-இலும் பூத்தது. 2018-இல் பூக்க வேண்டிய நேரத்தில் கேரளத்தைப் பெருவெள்ளம் மூழ்கடித்தது. மழையில் சிக்கிப் பூ தள்ளிப்போனது, பார்க்க வந்த கூட்டம் சாலை உடைந்து திரும்பியது. அதற்கு இரண்டு ஆண்டு கழித்து, 2020 ஆகஸ்ட் 6-ஆம் தேதி இரவு, எரவிகுளத்தை ஒட்டிய பெட்டிமுடியில் மலை சரிந்தது. தேயிலைத் தொழிலாளர் குடியிருப்புகள் மண்ணுக்குள் போயின. 70 பேரை இழந்தோம். பலர் கயத்தாறு வட்டாரத்தைப் பூர்வீகமாகக் கொண்ட தமிழ்க் குடும்பங்கள். ஆண்டு மழையின் மொத்தத்தைப் பார்த்தால் அந்த இரவு புரியாது. சில நாளில் கொட்டியதைப் பார்த்தால்தான் புரியும்.

மூணாறுக்கு மேற்கே பள்ளிவாசல், அடிமாலி என்று இறங்கும்போது தேயிலை மறைந்து ஏலமும் மிளகும் வருகின்றன. இரண்டும் மழைக்காட்டின் கீழ்த்தட்டுச் செடிகள். முசிறியிலிருந்து ரோமாபுரிக்குப் போன மிளகு இந்தச் சரிவுகளின் ஈரத்தில் விளைந்ததுதான். வாளறா, சீயப்பாறை அருவிகள் சாலையிலேயே சாரல் அடித்தன. நேரியமங்கலத்துக் காட்டை நெருங்கியபோது மழை கம்பி கம்பியாக இறங்கியது. கேரளத்தின் சிரபுஞ்சி என்று இந்த ஊரைச் சொல்வார்கள்.

காட்டுக்குள் ஓர் ஓரமாக இறங்கி நின்றேன். பகல் நேரத்திலும் அந்தி வெளிச்சம். உச்சியில் விழும் ஒளியில் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான் தரைக்கு வருகிறது. மரங்கள் கிளை விடாமல் மேலே போய், முப்பது மீட்டருக்கு அப்பால் விரிகின்றன. அடிமரத்தில் பலகை பலகையாக வேர். சத்து மேல்மண்ணிலேயே இருப்பதால் வேர் ஆழம் போவதில்லை, அகலத்தில் முட்டுக்கொடுக்கிறது. ஒரு செடியின் இலையைப் பிடித்துப் பார்த்தேன். நுனி நீண்டு கூராகி வால்போலத் தொங்கியது. மேலே விழுந்த தண்ணீர் அந்த நுனி வழியாக நொடியில் வழிந்து இலை காய்ந்தது. ஈரம் நின்றால் பாசி பிடிக்கும், பூஞ்சை வரும். சின்னாற்றில் இலையின் வேலை தண்ணீரைக் காப்பது. இங்கே தண்ணீரை விரட்டுவது. நம் பலா இந்தக் காட்டு மரம்தான். அடிமரத்திலேயே காய்ப்பதால் இருட்டில் நடமாடும் விலங்குகளுக்கும் பழம் எட்டும். இலையைப் பார்த்துக்கொண்டிருந்த ஐந்து நிமிடத்தில் செருப்பு வாரில் மூன்று அட்டை ஏறியிருந்தது.

இந்தக் காடு ஏன் இவ்வளவு செழிப்பு என்றால் மழை அதிகம் என்போம். பாதி உண்மை. மகாராஷ்டிரத்தின் மகாபலேசுவரத்தில் 5,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. அங்கே காடு குட்டை, இனங்களும் குறைவு. காரணம், அவ்வளவும் நான்கு மாதத்தில் கொட்டித் தீர்ந்துவிடும். மீதி மாதமெல்லாம் வறட்சி. தெற்கே வர வர தென்மேற்கு மழைக்கு முன்னால் கோடை மழை, பின்னால் வடகிழக்கு மழை என்று சேர்ந்துகொள்ள, வறண்ட காலம் இரண்டு மூன்று மாதமாகச் சுருங்குகிறது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த பாஸ்கல் மேற்குத் தொடர்ச்சி மலை நெடுகக் காடுகளை அளந்து சொன்னதன் சாரம் இதுதான்: எந்த மரம் எதுவரை போகும் என்பதை மழையின் அளவைவிட வறண்ட மாதங்களின் எண்ணிக்கை முடிவு செய்கிறது. அமராவதி முதலையில் தொடங்கி எரவிகுளத்து உறைபனி வரை பார்த்துக்கொண்டு வந்தது இங்கே ஒரு காட்டின் அளவில் நின்றது.

இந்தச் சாலை கடந்துவந்த இடுக்கி மாவட்டத்தில் 2003-இல் உலகுக்கு அறிவிக்கப்பட்ட பாதாளத் தவளை இருக்கிறது. ஊதா நிறம், உப்பிய உடல், கூரிய மூக்கு. ஆண்டு முழுக்க மண்ணுக்கடியில் கறையான் தின்று கிடந்து, பருவமழைக்கு முந்தைய முதல் மழைகளில் சில நாள் மட்டும் இணை சேர மேலே வருகிறது. அதன் உறவினர் இருப்பது இந்தியப் பெருங்கடலின் சீசெல்சுத் தீவுகளில். கண்டங்கள் பிரிந்து கோடிக்கணக்கான ஆண்டு தப்பிய உயிர், ஆண்டுக்கு ஒருமுறை வரும் சில மழைகளை நம்பியிருக்கிறது. அந்த மழை தள்ளிப்போனாலும், முன்னதாகவே ஏமாற்றிவிட்டுப் போனாலும் அதற்கு மாற்று ஏற்பாடு இல்லை.

பெரியாற்றங்கரையில் உள்ள தட்டேக்காட்டில் பயணம் முடிந்தது. தீபகற்ப இந்தியாவில் பறவைகள் மிகச் செழித்த இடம் என்று சாலிம் அலி போற்றிய காடு, 1983-இல் சரணாலயமானது. மழை விட்ட இடைவெளியில் இருவாச்சி ஒன்று சிறகோசை எழுப்பிக்கொண்டு ஆற்றைக் கடந்தது.

இந்தச் சாலை ஒன்றை உறுதியாகச் சொல்கிறது. முட்காடு வளராமல் போன காடு அல்ல. புல்வெளி மரம் இல்லாத குறையோடு கிடக்கும் நிலம் அல்ல. இரண்டும் தத்தம் பருவத்துக்கு முழுமையாக வளர்ந்தவை. அரசுக் கணக்கில் இவற்றைத் தரிசு என்று எழுதிய காலத்தில்தான் முகட்டுப் புல்வெளிகளில் யூகலிப்டசும் சீகையும் நட்டார்கள். இன்று அவற்றை வெட்டியெடுத்து மீண்டும் புல் வளர்க்க வனத்துறைகள் செலவு செய்கின்றன. ஆனாலும் பசுமை என்றால் மரம், சேவை என்றால் மரம் நடுதல் என்ற எண்ணம் நம்மிடம் போகவில்லை. ஆடு மேயும் மேய்ச்சல் காட்டிலும், ஆமை ஒடுங்கும் முட்காட்டிலும் ஆயிரக்கணக்கில் குழி தோண்டுகிறோம். குழி தோண்டும் முன் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இந்த மண்ணில் எந்த மாதம் மழை, எத்தனை மாதம் வறட்சி, இங்கே இதுவரை நின்றது என்ன? அதற்கு விடை புல் என்றோ முள் என்றோ வந்தால், மண்வெட்டியைக் கீழே வைத்துவிடுங்கள். அந்த நிலத்துக்கு நாம் செய்யக்கூடிய பெரிய உதவி அதுதான்.